முடிச்சில் நின்ற கை

என் தங்கை பிறவியிலேயே வெள்ளை. பெண் பார்க்க வருகிறவர்கள் 'நல்ல வெள்ளை' என்பார்களே, அந்த வெள்ளை இல்லை. தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாமே வெள்ளை. நானும் அம்மாவும் அப்பாவும் நல்ல கறுப்பு. ரங்கூனில், இப்போதைய யாங்கோனில், பசுந்தாங் பக்கம் குடியிருந்த காலத்தில் அவளைப் பார்ப்பவர்கள் அடுத்து அம்மாவைப் பார்ப்பார்கள், அப்புறம் அப்பாவைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டுவார்கள். ஏதாவது கேட்டவர்களைவிட, கேட்காமல் போனவர்கள்மேல்தான் அம்மாவுக்கு ஆத்திரம் அதிகம். இது நோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது, தோலுக்கு நிறம் தருகிற சத்து இல்லாமல் பிறந்திருக்கிறாள், வெயில் ஆகாது, கண் மங்கலாகத்தான் இருக்கும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அம்மா அதை அப்படியே எல்லோரிடமும் ஒப்பித்துப் பார்த்தாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பேய் என்று கூப்பிட்டார்கள். கரும்பலகையும் அவளுக்குத் தெரியவில்லை. நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

நான் பத்தாவது எழுதிய வருஷம் நாங்கள் அதே ஊரில் பபேடான் பகுதிக்குக் குடிமாறினோம். குறுகலான தெரு, மூன்றாவது மாடி, செங்குத்தான படிக்கட்டு. அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. அந்தச் சந்தர்ப்பத்தை அம்மா விடவில்லை.

யாங்கோனில் பெண்கள் தனகா பூசாமல் வாசல் தாண்டமாட்டார்கள். தனகா மரக்கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்தால் வெளிர்மஞ்சளாக ஒரு குழம்பு வரும். அதைக் கன்னத்தில் வட்டமாகவோ இலை மாதிரியோ பூசிக்கொள்வார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி, அழகுக்கு அழகு. அம்மா அதைத் தங்கைக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடித்தாள். நெற்றி, கன்னம், கழுத்து, காது மடல், விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை. தலைமுடிக்குக் கறுப்புச் சாயம், புருவத்துக்கு மை. விடிந்ததும் கல்லில் கட்டை உரசுகிற சத்தம் எங்கள் வீட்டில் முக்கால் மணி நேரம் கேட்கும். எல்லாம் முடிந்து அவள் தெருவில் நின்றால், கொஞ்சம் தாராளமாகத் தனகா பூசிக்கொள்கிற பெண், அவ்வளவுதான். அம்மாவின் மூளையை நினைத்து நானே அசந்துபோயிருக்கிறேன்.

ஆனால் பூச்சு தண்ணீருக்கு நிற்காது. அதனால் மழைக்காலம் முழுக்க அவளுக்கு வெளியே கிடையாது. புழுக்கத்தில் வியர்க்கும் என்பதால் கோடையிலும் கிடையாது. மிச்சமிருந்த மாதங்களில், வெயில் தாழ்ந்த பிறகு, அரை மணி நேரம். ஏப்ரலில் ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் திஞ்சான் திருவிழா வந்தால் ஜன்னலையும் சாத்திவிடுவாள் அம்மா.

"எது வரைக்கும்மா இப்படி?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள்.

"ஒங்க அக்காவுக்கு ஒரு எடம் முடியட்டும். அப்பறம் நீ எப்படி வேணா போ" என்றாள் அம்மா.

ஆக, என் கல்யாணம்தான் அவளுடைய வாயிற்கதவு. குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் ரத்தத்திலேயே ஏதோ கோளாறு என்பார்கள் என்று அம்மா பயந்தாள். நானும் அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அரை மணி நேர நடையில்கூட நான் அவளுக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பேன். அவளுக்குத் தூரம் தெரியாது. என் செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம்போல இருக்கிறது.

நான் அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு வி.சி.டி. வாடகைக் கடையில் வேலை பார்த்தேன். தமிழ்ப் படம், இந்திப் படம், கொரிய நாடகம், சீனச் சண்டை என்று தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். கடைக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. படம் வரைந்ததாக இருந்தால் அது குழந்தைகளுக்கு. அட்டையில் என்ன இருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார். அப்படித்தான் அந்த ஜப்பானியப் படம் பூனை, முயல் படங்களோடு கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்தது. ஒரு அம்மாள் அதைத் தன் இரண்டு பிள்ளைகளுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் கடைக்கு வந்து, பிள்ளைகள் இருவரும் கக்கூசுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்கிறார்கள், இனி நீங்கள்தான் துணைக்கு வரவேண்டும் என்று கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் டப்பாவை என் கையில் திணித்து, "இத எங்கயாவது தூக்கிப் போடு" என்றார்.

நான் தூக்கிப் போடுகிற ஜாதி இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்த வாரம் எங்கள் தெருவுக்கு மதியம்தான் கரண்ட். கடையில் எனக்கு விடுமுறை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா ரயில்வேயில் கார்டு என்பதால் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பால்கனிக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, பதினாலு அங்குல டிவியைப் போட்டோம்.

தங்கை படம் பார்க்கும் விதத்தைச் சொல்லவேண்டும். திரைக்கு ஒரு சாண் தள்ளி, தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்காருவாள். அவளுடைய கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிச் சாய்த்தால் ஆட்டம் கொஞ்சம் அடங்குமாம். தமிழ்ப் படப் பாட்டு வந்தால் அந்த வெளிச்சம் தாங்காமல் கண்ணை இடுக்கிக் கையால் மறைத்துக்கொள்வாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, இப்போது சேலை பச்சை, பின்னால் அருவி, வில்லன் மாடிப்படியில் நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டே வருவேன். படம் நான் பார்ப்பது, கதை அவள் கேட்பது. பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

டிஸ்க் சுழல ஆரம்பித்தது. திரையில் ஒன்றுமே இல்லை, கறுப்பு மட்டும்.

"டிவி போச்சு" என்றேன்.

"இல்லக்கா. மழ பெய்யுது" என்றாள் தங்கை.

நான் உற்றுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "அது கடல். இது துறைமுகம். கப்பல் ஒண்ணு வருது, அதுல ஒரு வெளக்கு கூட இல்ல. அக்கா, கப்பல ஓட்ட ஆளே இல்ல." அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று என்னைக் கட்டிலிலிருந்து இறக்கியது. நானும் போய் அவள் பக்கத்தில், திரைக்கு ஒரு சாண் தள்ளி, தரையில் உட்கார்ந்தேன். அவள் உட்காருகிற இடத்தில் நான் அதுவரை ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லை என்று. கடலின் கறுப்பு ஒன்று. அதன்மேல் மழையின் கறுப்பு. கப்பலின் கறுப்பு ஈரமாக மினுங்கியது. அந்தக் கப்பலின் பக்கவாட்டில் ஏதோ அசைந்தது. பத்துப் பதினைந்து பேர், தலைகீழாக, பல்லி இறங்குகிற மாதிரி இறங்கி வந்தார்கள். அவர்கள் கால் தரையைத் தொட்டபோது சத்தமே இல்லை. துறைமுகத்து நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரைப்பதை நிறுத்தின. எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ரத்தம் குடிக்கிற கூட்டம் என்று அட்டையில் இருந்த பல்லைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்திருந்த பேய்ப் படங்களில் பேய் வந்தால் சத்தம் வரும். இதில் பேய் வந்தால் சத்தம் போனது.

பேச்சு ஜப்பானிய மொழி. கீழே ஓடியது சீன எழுத்து. எங்களுக்கு இரண்டும் தெரியாது. தெரியாததே நல்லதாயிற்று என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு அவள் வந்தாள். அந்தக் கூட்டத்தை வேட்டையாடுகிறவள். நெட்டையான பெண், கழுத்திலிருந்து மூக்கு வரை, நெற்றியிலிருந்து புருவம் வரை கறுப்புத் துணி சுற்றி, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள். கையில் வாளோ துப்பாக்கியோ இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் வைத்திருக்கும் இரும்புக் கொக்கி, நீளச் சங்கிலியில் கட்டியது. எங்கள் அப்பாவின் முன்னோர்கள் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். அந்த மாதிரிக் கொக்கி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடந்தது. அது ஆயுதமாகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அவள் சண்டை போட்டதை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. ஒரு மணிக்கூண்டின் உள்ளே, படிக்கட்டு சுற்றிச் சுற்றி மேலே போகிறது. அவள் ஏறுகிறாள். மேலிருந்து அவர்கள் விழுகிறார்கள். சங்கிலி காற்றில் வட்டம் போடுகிறது. ஒரு கணம் எல்லாம் நின்றுவிடுகிறது, மழைத்துளிகூட அந்தரத்தில் நிற்கிறது, அப்புறம் பெரிய மணி ஒரே ஒரு தடவை அடிக்கிறது. ரத்தம் சிவப்பாக இல்லை, கறுப்பைவிடக் கறுப்பாக இருந்தது. படம் முழுவதிலும் ஒரே ஒரு துளி மட்டும் சிவப்பு. ஒரு வெள்ளைத் திரைச்சீலையில் பட்டது. அதைப் பார்த்தபோது நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். இதையெல்லாம் யாரோ ஒரு மனிதர் மேஜையில் குனிந்து உட்கார்ந்து கையால் வரைந்திருக்கிறார் என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. ஒவ்வொரு துளியையும், ஒவ்வொரு சங்கிலிக் கண்ணியையும். கும்பிடவேண்டும் என்று தோன்றியது. சினிமா பார்த்து எனக்கு அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

தங்கை கண்ணை இடுக்கவே இல்லை. கையால் மறைக்கவும் இல்லை. திரையில் வெளிச்சம் குறைவு என்பதால் அவளுக்கு அது கூசவில்லை. முதல்முறையாக ஒரு படத்தை முழுதாகத் தன் கண்ணாலேயே பார்த்தாள். "திரைச்சீலைக்குப் பின்னாடி ஆள் நிக்குது" என்று எனக்கு முன்பே சொன்னாள். நின்றது. அன்று அவள் சொன்னாள், நான் கேட்டேன்.

முதல் டிஸ்க் முடியும் இடத்தில் மணிக்கூண்டுச் சண்டையில் அந்தத் துணி கொஞ்சம் நழுவியது. ஒரு நொடிதான். உள்ளே முகம் வெள்ளை. கண்ணிமை வெள்ளை. அவளும் அந்தக் கூட்டத்தில் பிறந்தவள்தான், வெயில் அவளுக்கும் ஆகாது, ஆனாலும் ஊரைக் காப்பாற்றுகிறாள் என்று எங்களுக்குப் புரிந்தது. ஊரார் அவளையும் கல்லால் அடித்தார்கள்.

தங்கையின் விரல் மெதுவாகப் போய்த் தன் இமையைத் தொட்டது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது டிஸ்க்கின் கடைசியில் விடிகிறது. கூட்டம் ஒழிந்துவிட்டது. ஊரார் சதுக்கத்தில் கூடி நிற்கிறார்கள். அவள் நடுவில் நிற்கிறாள். கூரைகளின் மேல் வெளிச்சம் இறங்கி வருகிறது. அவள் கை மெதுவாக உயர்ந்து பின்கழுத்துக்குப் போகிறது. விரல்கள் முடிச்சைப் பிடிக்கின்றன. அத்தோடு படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் நீளமாகக் கீறல். இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியில் துடைத்தேன். பற்பசை தடவித் தேய்த்தேன், கடையில் நாங்கள் செய்கிற வைத்தியம் அது. நாலு தடவை போட்டோம். நாலு தடவையும் கை முடிச்சுக்குப் போகும், நின்றுவிடும். ஐந்தாவது தடவை போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

அன்றிலிருந்து தங்கை என்னைக் குடைய ஆரம்பித்தாள். "அக்கா, அவ அவுத்தாளா, இல்ல இறுக்கிக் கட்டினாளா?" சாப்பிடும்போது கேட்பாள். அம்மா அவளுக்குத் தனகா பூசும்போது, கன்னத்தை அசைக்காமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்பாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். "எனக்கென்னடி தெரியும்? நானா வரஞ்சேன்?" என்பேன். அவள் சும்மா கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சல்.

இதற்கிடையில் எனக்கு ஒரு வரன் வந்தது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் சொந்தமாக ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தவர்கள். திஞ்சான் முடிந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குத் தங்கையை எங்கே வைப்பது என்று அம்மா யோசித்தாள். அப்பாவின் சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. இதைத் தங்கை முன்னாலேயே பேசினோம், குடையை எங்கே மாட்டுவது என்று பேசுகிற மாதிரி.

திஞ்சானின் இரண்டாவது நாள் காலை பத்து மணி இருக்கும். கீழே தெருவில் தண்ணீர் பீப்பாய், ரப்பர் குழாய், பாட்டு, கூச்சல். அம்மா சமையலறையில் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வெல்லம் வைத்த அரிசி உருண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை சாத்திய பின்னறையில் இருக்கிறாள் என்று நினைத்திருந்தோம்.

பால்கனி மணி அடித்தது.

எங்கள் தெருவில் மாடி வீடுகளுக்கெல்லாம் பால்கனியிலிருந்து கீழே வரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு மணி. பேப்பர்காரரோ காய்கறிக்காரரோ கீழேயிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். கிளிப்பில் மாட்டியதை நாம் இழுத்து எடுத்துக்கொள்வோம். எங்கள் கயிற்றுக்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வழக்கம்போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் தங்கை நின்றாள்.

தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தாள். தனகா முழுக்க வழிந்து சட்டைக் கழுத்தில் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. புருவ மை கரைந்து போயிருந்தது. முகம், கழுத்து, கை எல்லாம் வெட்டவெயிலில் வெள்ளை வெளேரென்று இருந்தன. தெரு அப்படியே நின்றுவிட்டது. குழாய் வைத்திருந்த பையன் அதைத் தரைக்குத் திருப்பிவிட்டான். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

அவள் மேலே பார்த்தாள். வெயிலில் அவளுக்குக் கண்ணைத் திறக்கவே முடியாது. அடுத்த வீட்டின் காலிப் பால்கனியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "அக்கா, பாத்தியா?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பி இன்னொரு பால்கனியைப் பார்த்தாள்.

நான் கயிற்றை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் வைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. உள்ளே போய்விட்டால் அவள் யார் வீட்டுப் பெண் என்று யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். மூன்று வருஷமாக ஒரே கட்டடத்தில் குடியிருந்துவிட்டு இப்படி நினைக்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனரிக் கடைக்குச் செய்தி போய்விடும் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை மெதுவாக, ஒரே ஒரு இழுப்பு.

முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "இங்க இருக்கேன்டி. அது நம்ம வீடு இல்ல. எடது பக்கம் திரும்பு."

அவள் திரும்பினாள். என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. குரல் வந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். கீழே யாரோ முதலில் சிரித்தார்கள், அப்புறம் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

என் சத்தம் கேட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். துண்டை உருவிக்கொண்டு படியில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். முதல் மாடியில் குடியிருந்த வயதான பர்மிய அம்மாள், நாங்கள் டோடோ என்று கூப்பிடுவோம், அத்தை என்று அர்த்தம், வாசலில் வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கே ஓடுகிறாய்?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

"பிள்ளைக்கு வெயில் ஆகாது" என்றாள் அம்மா. அவள் சொல்ல நினைத்தது அதுவல்ல.

"தெரியும். நீ முகத்துக்கெல்லாம் பூசினாய். இமைக்கு ஒருநாளும் மை வைக்கவில்லை."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எப்போதிலிருந்து தெரியும்?"

"நீங்கள் குடிவந்த வாரத்திலிருந்து. எனக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே தெரியும். நீ சொல்ல விரும்பவில்லை, நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகளிடமும் கேட்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தோம்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றாள் அம்மா.

"தினமும் விடிந்ததும் நீ கல்லில் அரைக்கிற சத்தம் கீழே கேட்கும். அவ்வளவு நேரம் அரைக்கிறவளிடம் எப்படிச் சொல்வது?"

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பசுந்தாங்கில் அத்தனை பேர் அத்தனை பேசியும் அழாதவள். கேட்காமல் போனவர்கள்மேல் அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் என்று சொன்னேனே, இங்கே கேட்காமல் இருந்தவர்களை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. டோடோ கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, பெரியவர்களிடம் திஞ்சானில் கேட்பதுபோல, "ஊற்றட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். கிண்ணத்துத் தண்ணீரை அவள் தோளில் மெதுவாக ஊற்றினார்.

நான் அவர்களைத் தாண்டித் தெருவுக்கு ஓடினேன். என் தங்கையை நான் அதுவரை வெயிலில் நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் பார்த்ததில்லை. அவள் தோலுக்கு அடியில் ரோஜா நிறம் ஓடியது. மணிக்கட்டில் நரம்பு பச்சையாகத் தெரிந்தது. நனைந்த இமைகளில் ஒவ்வொரு மயிரும் தனியாக மின்னியது. அன்று அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து எந்த மலைப்பு வந்ததோ அதே மலைப்பு வந்தது. இவ்வளவு அழகை வைத்துக்கொண்டா மாவரைத்துப் பூசினோம் என்று இருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன். பையன் குழாயை எங்கள் இருவர்மேலும் திருப்பினான்.

பத்தே நிமிடத்தில் அவளை நிழலுக்கு இழுத்து வந்தும் தோல் வெந்துவிட்டது. ஒரு வாரம் தோளும் மூக்கும் கொப்புளித்து உரிந்தன. டோடோதான் தனகா அரைத்து வந்து குளிர்ச்சிக்குத் தடவினார். ஸ்டேஷனரிக் கடைக்காரர்கள் பெண் பார்க்க வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. அம்மா பயந்தது ஒன்றும் கற்பனை இல்லை. நான் இரண்டு நாள் அழுதேன், உண்மையைச் சொல்வதற்கென்ன. ஒன்றரை வருஷம் கழித்து என்னைப் பார்க்க வந்த வீட்டாருக்குத் தேநீர் கொடுத்ததே தங்கைதான். அந்த வீட்டில்தான் இன்று நான் இருக்கிறேன்.

தங்கை கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, குடை சகிதம் பகலில் வெளியே போக ஆரம்பித்தாள். கன்னத்தில் தனகா உண்டு, மற்றப் பெண்கள் பூசுகிற அளவுக்கு. சில வருஷத்தில் எங்கள் தெருமுனையில், படிக்கட்டின் நிழலில், மேஜை போட்டு இரண்டு டெலிபோன் வைத்து, கூப்பிட வருகிறவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுக்கிற வேலையில் உட்கார்ந்தாள். பொத்தான்களைப் பார்க்கத் தேவையில்லை, விரலுக்கே தெரியும். தெருவில் பாதிப்பேரின் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

நான் கல்யாணமாகிப் போன பிறகு, ஒரு நாள் சந்தையில் பழைய டிவிடிக் குவியலில் அந்த அட்டையைப் பார்த்தேன். கீறல் இல்லாத டிஸ்க். நேராகத் தங்கையிடம் கொண்டுபோனேன். அதே அறை, அதே போர்வை. இரண்டு பேரும் திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தோம். கப்பல் விளக்கில்லாமல் வந்தது, மணி அடித்தது, ஒரு துளி சிவப்பு விழுந்தது. எதுவும் குறையவில்லை. எனக்கு அதே இடத்தில் அதே மாதிரி முதுகு சில்லிட்டது.

விடிந்தது. கை முடிச்சுக்குப் போனது. நாங்கள் மூச்சு விடவில்லை.

அவள் முடிச்சை இறுக்கினாள். திரும்பி, ஒரு வார்த்தை பேசாமல், ஊரை விட்டு நடந்து போய்விட்டாள். மழை மறுபடி தொடங்கியது. எழுத்து ஓடியது.

எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. "இதுக்கா இத்தன வருஷம்?" என்றேன்.

தங்கை எழுத்து ஓடி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்க்கா. அவளக் கூப்பிட அங்க யாரும் இல்ல" என்றாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "நானும் ஒடனே கூப்பிடல. ஒன்னப் பாத்துட்டு மொதல்ல பின்னாடி போயிட்டேன்டி."

"தெரியும்" என்றாள் அவள். "கயிறு தொளதொளன்னு ஆச்சு. அதான் இன்னொரு தடவ இழுத்தேன்."